ஆஸ்கார் மேடையும் அரசியலும்

கலைஞர்களைக் கௌரவிக்கும் மேடையில் அரசியல் பேசலாகாது என்று கூறுவோர், ஆவணப் படங்களுக்கு ஹாலிவுட் அகாதெமி வழங்கிவரும் ஆஸ்கார் பரிசு எத்தகைய சூழ்நிலையில் பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது நலம். இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டிருந்த 1942-இல், ஜெர்மானியரின் தாக்குதலுக்கு அஞ்சாது நின்ற பிரிட்டனைப் போற்றிக் கனடாவின் அரசாங்கப் பட நிறுவனம் தயாரித்த 'சர்ச்சில்ஸ் ஐலண்ட்' அப்பரிசைப் பெற்றது. மறு வருஷம் நான்கு படங்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. நான்கும் நேச நாடுகளின் யுத்தப் படங்கள். அவற்றுள் ஜான் ஃபோர்டின் படம் அமெரிக்கக் கடற்படைக்காகவும், ஃபிராங்க் காப்ராவின் படம் தரைப்படைக்காகவும் எடுக்கப்பட்டவை. ராஜாங்கத்தின் நோக்கமும் பரிசின் நோக்கமும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

அவ்விரண்டும் பகிரங்கமாக மோதிக்கொண்ட நாள் 1975 ஏப்ரல் 8. அன்று பரிசு பெற்ற 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' படத்தின் டைரக்டர் பீட்டர் டேவிஸ், அமெரிக்க ராணுவ இலாகா தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும் விதத்தை 1971-இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தின் மூலம் அம்பலப்படுத்தி, காங்கிரஸ் சபையின் விசாரணைக்கே காரணமாயிருந்தவர். வியட்நாம் யுத்தத்தைப் பற்றிய அவருடைய புதிய படம் 1974-இல் கான் விழாவில் காட்டப்பட்ட பிறகும், அதற்குப் பணம் போட்ட கொலம்பியா கம்பெனி அதை வெளியிட மறுத்தது. ஜனாதிபதி ஜான்சனின் ஆலோசகராயிருந்த வால்ட் ரோஸ்டோ, படத்துக்குத் தடை கோரிக் கோர்ட்டுக்குப் போனார். தயாரிப்பாளர் பெர்ட் ஷ்னைடர் தரப்பினர் படத்தைக் கொலம்பியாவிடமிருந்து மீட்டு, வார்னர் கம்பெனி மூலம் வெளியிட்டனர்.

இத்தனை எதிர்ப்புக்கும் காரணம் விளங்க, அப்படத்தின் ஒரு பகுதியைக் கண்டாலே போதும். போரில் மாண்ட வியட்நாமியச் சிப்பாய் ஒருவனை அடக்கம் செய்கிறார்கள். சின்னஞ்சிறுவன் ஒருவன் அவனுடைய படத்தைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். குழிக்குள் தானும் இறங்க முயலும் ஒரு ஸ்திரீயைப் பிறர் பிடித்து இழுக்கிறார்கள். அடுத்து, வியட்நாமில் அமெரிக்கப் படைகளை நடத்திய ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட் தோன்றி, கீழ்த்திசை மனிதன் உயிருக்கு மேல்நாட்டானைப் போல உயர்ந்த மதிப்புத் தருவதில்லை என்று அமைதியாக அபிப்பிராயம் கூறுகிறார். இடையில் விளக்கவுரை ஒரு சொல்லும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததே டேவிஸ் செய்த கண்டனம்.

பரிசை ஏற்ற ஷ்னைடர், வியட்நாம் யுத்தத்தை நிறுத்துவதற்கான பாரிஸ் பேச்சுவார்த்தையில் வியட்நாமியப் புரட்சி அரசாங்கத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்த டின் பா தி அனுப்பிய தந்தியை மேடையில் வாசித்தார். சமாதானத்துக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்கு நட்பும் நன்றியும் தெரிவித்த அத்தந்திக்குக் கரகோஷமும் எழுந்தது, கண்டனக் கூச்சலும் எழுந்தது. சற்றுநேரத்தில், விழாவை நடத்தியோரில் ஒருவரான பாப் ஹோப் முனைந்து எழுதிய மறுப்பு ஒன்றை ஃபிராங்க் சினாட்ரா அகாதெமியின் பேரால் படித்தார்: நிகழ்ச்சியில் கூறப்பட்ட அரசியல் கருத்துக்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல, அவை இடம்பெற்றதற்கு வருந்துகிறோம் என்பது அதன் சாரம். அகாதெமியின் அங்கத்தினரான தம்மைக் கேளாமல் தம் பெயராலும் இதை எப்படிச் சொல்லலாம் என்று நடிகை ஷெர்லி மக்லைன் சினாட்ராவைக் கடிந்துகொண்டார். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 30-ஆம் தேதி, தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்து யுத்தம் முடிந்தது.

மக்லைனின் கேள்வி நியாயமானது. தந்தியை வாசித்தது அரசியலென்றால், அதை மறுத்து அறிக்கை வாசித்ததும் அரசியலே; முன்னது பரிசு பெற்றவரின் சொந்தப் பொறுப்பில் பேசப்பட்டது, பின்னதோ ஒரு ஸ்தாபனம் முழுவதன் பெயராலும் பேசப்பட்டது. 2003 மார்ச் 23-இல், ஈராக்கில் அமெரிக்கப் படை புகுந்த சில நாட்களுக்குள், மைக்கேல் மூர் அதே பரிசைப் பெற்று யுத்தத்தைக் கண்டித்தபோதும் கரகோஷமும் கூச்சலும் சேர்ந்தே எழுந்தன. யுத்தத்தை ஆதரித்த படங்களுக்கு 1943-இல் பரிசளித்த மேடைக்கு, யுத்தத்தைக் கண்டிக்கும் குரல் மாத்திரம் அந்நியமானது என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது?

எனினும், கூச்சலிட்டவர்கள் நடுவிலும் அப்பரிசை வாக்களித்து வழங்கியது அகாதெமிதான் என்பதை மறக்கலாகாது. தேசத்தின் கலாசாரச் செல்வமாகப் போற்றிக் காக்கத்தக்க படங்களின் வரிசையில் அமெரிக்க அரசாங்கத்தைச் சேர்ந்த காங்கிரஸ் நூலகமே 2018-இல் 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' படத்தையும் சேர்த்தது. அந்த மதிப்பு வந்து சேர நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயின. பரிசோ, யுத்தம் முடியுமுன்பே வந்தது. உண்மையை உரிய காலத்தில் சொன்னவனை உரிய காலத்திலேயே கௌரவிப்பதுதான் ஒரு பரிசுக்குப் பெருமை.