நடுகல்லும் நடமாடும் வீரரும்

வீரரைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லெடுத்து வழிபடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தமிழகத்தின் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆயின், கல் நாட்டியதோடு கடன் தீர்ந்தது என்று நம் முன்னோர் கருதினாரல்லர். வீழ்ந்தவனுடைய குடும்பத்தார் உண்டு வாழ நிலமும் விட்டனர். உதிரப்பட்டி என்று கல்வெட்டுக்கள் கூறுவது அந்நிலத்தையே.

இறந்தவர்க்குச் செய்தது இது. புண்பட்டு உயிரோடிருந்தவர்க்குச் செய்தது யாது? நெடுநல்வாடையில் நக்கீரர் அதனைக் காட்டுகின்றார். வாடைக் காற்றோடு மழைத்துளி வீசும் நள்ளிரவில், வீரனொருவன் வேலேந்தி முன்சென்று புண்பட்டோரை முறையே காட்ட, அரசன் துயிலாது அவர்களைக் கண்டுவருகிறான். அவ்வரசன் தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. வீழ்ந்தவனுக்குக் கல்லும் நிலமும், மீண்டவனுக்கு அன்பும் என்பதே பண்டைய நெறி.

இந்நெறி யாவர்க்கும் ஒன்றுபோற் கிட்டியதா? நம் மாதோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பராக்கிரமபாகு மன்னன் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களிற் கப்பல் கட்டிப் படை திரட்டியதையும், சோழர் தரப்பினர் அவ்விடங்களைத் தாக்கியதையும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு கூறுகின்றது. தாக்குதலை ஏவிய தலைவன் அண்ணன் பல்லவராயனுக்கு இறையிலி நிலம் கிடைத்தது. கடல் கடந்து வந்து போரிட்ட எளிய வீரரின் பெயரையோ, இக்கரையில் மாண்டவரின் பெயரையோ நாம் இன்று அறியோம்.

அண்மைக் காலத்தும் இக்குறை நீங்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து எண்ணற்ற தமிழர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். அப்படையில் மாண்டோர்க்காகச் சிங்கப்பூரில் 1945-ஆம் ஆண்டு எழுந்த நினைவுச் சின்னத்தை, அவ்வாண்டே திரும்பி வந்த பிரித்தானியர் தகர்த்தனர். அது பகைவர் செயல். ஆனால் 1947-இல் விடுதலை பெற்ற இந்தியாவும் அவ்வீரரைத் தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் 1972-இல் தான் வந்தது. கால் நூற்றாண்டு காத்திருக்க எத்தனை பேருக்கு ஆயுள் இருந்திருக்கும்?

இனி நம் ஊர் நிலையை நோக்குவோம். 2009 மே மாதத்தில் முடிந்த போரின் நியாயத்தை ஈண்டு ஆராய நாம் முற்படவில்லை. போரிட்டோரில் தாமே விரும்பிச் சென்றோரும் உளர். வற்புறுத்திச் சேர்க்கப்பட்ட சிறுவரும் உளர். ஆண்டுதோறும் மே மாதத்தில் கொழும்பு அரசு தன் படையினரை நினைவுகூர்கின்றது. இடித்தழிக்கப்பட்ட துயிலும் இல்லங்களில், நம் மாவட்டத்து ஆட்காட்டிவெளி உட்பட, நவம்பர் 27-இல் பெற்றோர் விளக்கேற்றி அழுகின்றனர். அக்கண்ணீர் மதிக்கத்தக்கது.

எனினும், உயிரோடு மீண்டவர் நிலை என்ன? ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வீடு திரும்பினர். மீண்ட பின்னும் ஐயக்கண் அவர்களைத் தொடர்ந்தது. வேலை கொடுக்கத் தயங்கினர், பெண் கொடுக்கவும் தயங்கினர். காலிழந்தவன் கரைவலை இழுப்பதெங்ஙனம்? கையிழந்தவள் வாடியிற் கருவாடு புரட்டுவதெங்ஙனம்? மறுபக்கத்தும் இதே துயரைக் காண்கின்றோம். 2016 நவம்பரில், போரில் உறுப்பிழந்த இராணுவத்தினர் ஓய்வூதியங் கேட்டுக் கொழும்புத் தெருவில் அமர்ந்தபோது, அவர்கள்மீது நீர் பாய்ச்சிக் கலைத்தனர். மேடையில் வீரர் என வாழ்த்தப்பட்டவர்க்கு நேர்ந்த கதி அது.

மாண்டவர் நம்மிடம் ஒன்றுங் கேட்பதில்லை. ஆதலின் அவரைப் போற்றுதல் எளிது. மீண்டவர் தொழில் கேட்கின்றார், பிள்ளைக்குப் படிப்புக் கேட்கின்றார், நம்மோடு ஒரு பந்தியில் இருக்கக் கேட்கின்றார். உதிரப்பட்டி விட நம்மிடம் நிலம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஊனமுற்ற ஒருவர்க்குக் கடை வைக்க முதல் திரட்டவும், அவர் பிள்ளைக்கு மாலையிற் பாடஞ் சொல்லிக் கொடுக்கவும், அவர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்லவும் இளைஞராகிய நம்மால் இயலும். பெரியோர் வழிகாட்டுவாராயின் இவ்வாண்டே தொடங்குவோம்.