இடைச்செருகல்: பழையதும் புதியதும்



பழைய ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர், சில வேளைகளில் மூலநூலில் இல்லாத பாக்களையும் தாமே சேர்த்து எழுதிவிடுவதுண்டு. இதனை இடைச்செருகல் என்பர் புலவர். சிறுப்பிட்டி தந்த செம்மல் சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். அவர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கியது, ஆக்கியோன் சொல் எது, பிறர் சொல் எது எனப் பிரித்தறிவதற்காகவே. அப்பழைய குற்றம் நம் காலத்தில் இணையத்திலே புதுக்கோலம் பூண்ட வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

நாம் வேண்டும் இணையப் பக்கம் நேரே நம்மிடம் வந்துவிடுவதில்லை. இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் கணினிகளைக் கடந்தே வருகின்றது. அவ்வழியில் நிற்கும் 'புரொக்சி' என்னும் இடைநிலைக் கணினி, பலரும் வேண்டும் பக்கங்களுக்குப் பிரதி வைத்துக்கொண்டு விரைந்து வழங்குவதற்கெனப் பயன்பட்டது. பிரதி செய்பவன் கை சேர்த்தெழுதவும் வல்லது அன்றோ? பூட்டப்படாத பக்கமாயின், வழியிலேயே விளம்பரத்தைப் புகுத்தலாம். எழுதியவரும் அறியார்; படிப்பவரும் அறியார்.

பிரித்தானியாவிலே 2006, 2007ஆம் ஆண்டுகளில், பிரிட்டிஷ் ரெலிகொம் நிறுவனம் 'ஃபோர்ம்' என்னும் விளம்பர நிறுவனத்துடன் கூடி, வாடிக்கையாளரின் இசைவு பெறாமலே பரிசோதனைகள் நடத்தியது. அவர்கள் படிப்பவற்றை ஆராய்ந்து, அதற்கேற்ற விளம்பரங்களைக் காட்டுவதே நோக்கம். 2006இல் இதற்கு உள்ளானோர் ஏறத்தாழ 18,000 பேர். 2008இல் உண்மை வெளிப்பட, எதிர்ப்பு மூண்டது. 2009 ஏப்பிரலில் ஐரோப்பிய ஆணைக்குழு பிரித்தானிய அரசின்மீது நடவடிக்கை தொடங்கியது. அவ்வாண்டு யூலையில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. எனினும் 2011இல் வழக்குத் தொடரப்படமாட்டாது என்று அறிவிக்கப்பட்டது. தண்டனை எவர்க்கும் இல்லை, சட்டமே திருத்தப்பட்டது.

2008இல் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் கையாண்ட முறை நம் பதிப்பாசிரியரின் முறையேயாகும். அனுப்பிய பக்கத்தையும் சென்றடைந்த பக்கத்தையும் அவர்கள் ஒப்புநோக்கினர். ஏறத்தாழ 50,000 பேருள் நூற்றுக்கு 1.3 பேருக்குப் பக்கம் மாறியே சென்றிருந்தது. அவற்றுட் பல, படிப்போர் தம் கணினியில் தாமே நிறுவிய மென்பொருள்களால் நேர்ந்தவை. வேறு சிலவற்றிலோ இணைப்பு நிறுவனமே விளம்பரம் செருகியிருந்தது.

இதற்கு மருந்து முத்திரையிட்ட உறைதான். பக்கத்தை மறைகுறியாக்கி அனுப்பினால், இடைநிற்பவர் அதனைப் படிக்கவும் இயலாது. மாற்றினாலும் மாற்றம் வெளிப்பட்டுவிடும். 2015இன் இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு இதற்கான சான்றிதழ்களை யாவருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 யூலை முதல் 'குரோம்' உலாவி, பூட்டில்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என அடையாளமிடலாயிற்று.

விளம்பரம் இழிந்ததன்று, வானொலியும் பத்திரிகையும் அதனாற் பயன் பெற்றன. ஆயினும் அவற்றில் விளம்பரத்துக்கு இடங்கொடுப்பவர், அவற்றை நடத்துபவரே. பிறர் எழுதிய பக்கத்தில் அவர் அறியாமற் செருகுவதோ, அவர் வாயில் நம் சொல்லை இடுவதாகும். நாம் படிப்பது எழுதியவர் எழுதியதுதானா என்னும் ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால், மெய்யான சொல்லும் மதிப்பிழந்துவிடும். பதிப்பாசிரியர் அஞ்சியதும் அதற்கே. நாம் அஞ்சவேண்டியதும் அதற்கே.