மூளையுறை அழற்சி: அபாய அறிகுறிகளை அறிந்துகொள்ளுதல்

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியுள்ளன. இவ்வுறைகளிலும் அவற்றினிடையே உள்ள திரவத்திலும் ஏற்படும் அழற்சியே மூளையுறை அழற்சி எனப்படுகிறது. மருத்துவமனைச் சீட்டுகளில் இது ‘மெனிஞ்சைட்டிஸ்’ என்று குறிப்பிடப்படும். பேச்சு வழக்கில் இதனை ‘மூளைக் காய்ச்சல்’ என்கிறோம். ஆயினும் அச்சொல், மூளைத் திசுவையே தாக்கும் மூளை அழற்சியையும் சேர்த்தே குறிக்கிறது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அவ்வகையைச் சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். சிலருக்கு ஒருங்கே வருவதும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் இவற்றைப் பிரித்தறிய முயல வேண்டியதில்லை. எதுவாயினும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முதற்கடமை.

பாக்டீரியாவால் உண்டாகும் மூளையுறை அழற்சியில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். காலையில் சாதாரணக் காய்ச்சலுடன் இருந்தவர் இரவுக்குள் நினைவிழக்கக் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இவ்வகை நோயால் தாக்கப்படுவோரில் ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர் உயிரிழக்கிறார். 5 பேருக்கு ஒருவர் செவித்திறன் இழப்பு, வலிப்பு போன்ற கடுமையான பின்விளைவுகளுக்கு ஆளாகிறார்.

நோய்க்கான காரணங்கள்

வைரஸ், பாக்டீரியா, காசநோய்க் கிருமி, பூஞ்சை ஆகிய எவையும் இந்நோயை உண்டாக்கலாம். வைரஸ் வகை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகவே குணமாகிறது. பாக்டீரியா வகைக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகள் முக்கியக் காரணங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளை வேறு கிருமிகள் தாக்குகின்றன. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்குப் பூஞ்சையால் இந்நோய் வரக்கூடும். அவர்களுக்குச் சில நாட்களாகத் தொடரும் தலைவலி மட்டுமே தொடக்க அறிகுறியாக இருக்கலாம்.

எவரையும் இந்நோய் தாக்கலாம். எனினும் நாள்பட்ட காதுச் சீழ் உள்ளவர்கள், தலைக்காயத்திற்குப் பின் மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் வடிபவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பொருத்தப்பட்டவர்கள் ஆகியோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

பெரியவர்களிடமும் வளர்ந்த குழந்தைகளிடமும் காணப்படும் அறிகுறிகள்

காய்ச்சல், கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் அல்லது மயக்க நிலை ஆகியவை முதன்மையானவை. வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுதல், வலிப்பு ஆகியவையும் சேர்ந்து வரலாம். முகவாயை மார்பைத் தொடும்படி குனிய இயலாமையே கழுத்து விறைப்பு. இதனைச் சுளுக்கு என்று கருதி எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, ஒரு நாளை இழந்துவிடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். காய்ச்சலுடன் வரும் கழுத்து விறைப்பைச் சுளுக்கு என்று கொள்ளாதீர்கள்.

எல்லா அறிகுறிகளும் சேர்ந்து தோன்றும் வரை காத்திருக்கலாகாது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகிய மூன்றும் ஒருசேரக் காணப்படுவது நோயாளிகளில் பாதிக்கும் குறைவானோரிடமே. முதியவர்களிடம் காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். வழக்கத்திற்கு மாறான பேச்சு, ஆளைத் தெரியாமை, எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவை மட்டுமே தென்படலாம். காய்ச்சல் மாத்திரை கொடுத்தபின் உடற்சூடு தணிவதை நோய் தணிந்ததாகக் கொள்ள வேண்டாம். மாத்திரை சூட்டைக் குறைக்கும், கிருமியை அழிக்காது.

மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் கலந்தால் தோலில் செந்நிற அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தோன்றும். ஒரு கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டை அவற்றின்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் புள்ளிகள் மறையவில்லையெனில் அது அவசர நிலை. மாநிறமோ கருநிறமோ உடையவர்களின் தோலில் இவை எளிதில் புலப்படா. உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். புள்ளிகள் இல்லை என்பதனால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். பலருக்கு அவை தோன்றுவதே இல்லை.

கைக்குழந்தைகள்

கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு பெரும்பாலும் தெரியாது. தலைவலியைச் சொல்ல அவர்களுக்கு வாயும் இல்லை. ஆகவே தாயின் கணிப்பே முதற்சான்று. பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், எழுப்ப முடியாத உறக்கம், வழக்கத்திற்கு மாறான கீச்சுக்குரலில் இடைவிடாத அழுகை, தூக்கி அணைத்தால் அழுகை கூடுதல், உடல் விறைத்தல், வலிப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். பிறந்து ஒரு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலுக்கு மாறாக உடல் சில்லிட்டும் போகலாம்.

உச்சிக்குழி மற்றோர் அடையாளம். அழாமல் அமைதியாக இருக்கும் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உச்சிக்குழியை விரலால் மெல்லத் தடவுங்கள். அது மேலெழும்பி இறுக்கமாக இருப்பின் மூளையினுள் அழுத்தம் கூடியிருக்கலாம். அழும்போது சற்று எழும்புவது இயல்பே. “பிள்ளை எப்போதும் போல இல்லை” என்று தாய்க்குத் தோன்றினால், வேறு அடையாளம் இல்லாவிடினும் அதுவே மருத்துவரிடம் செல்லப் போதிய காரணம்.

மெல்ல வளரும் காசநோய் வகை

நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியது, காசநோய்க் கிருமியால் உண்டாகும் மூளையுறை அழற்சி. இது மணிக்கணக்கில் அன்றி, வாரக்கணக்கில் வளர்கிறது. மாலையில் வந்து போகும் இலேசான காய்ச்சல், விட்டுவிட்டு வரும் தலைவலி, பசியின்மை, எடை குறைதல், எரிச்சல் எனத் தொடங்கும். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஓரமாக ஒதுங்கி உட்காரும். படிப்பில் நாட்டம் குறையும். கண்பார்வைக் கோளாறு, வயிற்றுக் கோளாறு என ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் வாந்தியும் மாறுகண்ணும் கைகால் பலவீனமும் வந்துவிடுகின்றன. காய்ச்சலோடு கூடிய தலைவலி இரண்டு வாரங்களைக் கடந்தால், தலைவலி மாத்திரையை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டிலோ அண்டையிலோ எவருக்கேனும் காசநோய் இருந்திருந்தால் அதைக் கேட்கும் வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்படுவதால் நோயைக் கண்டறிவது தள்ளிப்போகிறது.

உடனே செய்ய வேண்டியவை

108 எண்ணை அழையுங்கள். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. நோயாளி மயங்கியிருந்தாலோ வலிப்பு வந்தாலோ ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் நீர், மருந்து, கரண்டி எதையும் இடாதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வது மருத்துவருக்குப் பயன்படும்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையையும், அதுவரை கொடுத்த மருந்துகளின் உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் நேரடியாக வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பற்றி மறைக்காமல் கூறுங்கள். அரைகுறையாக உட்கொண்ட அம்மருந்துகள் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும். கடந்த இரண்டு வாரங்களுக்குள் குளம், குட்டை போன்ற தேங்கிய நன்னீரில் நீராடியபோது மூக்கினுள் நீர் ஏறியிருந்தால் அதனையும் தெரிவியுங்கள். அரிதாயினும், அத்தகைய நீரில் வாழும் ஒருவகை அமீபா மூளையைத் தாக்குவதுண்டு.

முதுகில் எடுக்கும் நீர்ப் பரிசோதனை

நோயை உறுதி செய்வதற்குச் சிறந்த வழி, முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சிறிதளவு எடுத்துச் சோதிப்பதே. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கப்படும் இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தயங்குகின்றன. “முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்”, “இடுப்பு போய்விடும்” என்னும் அச்சம் பரவலாக உள்ளது. உண்மை நிலையை அறிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முதுகெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவது எலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவது அதற்கும் கீழே, மூன்றாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில். அங்குத் திரவமும் அதில் மிதக்கும் நரம்பிழைகளுமே உள்ளன. குழந்தைகளுக்குத் தண்டுவடம் சற்றுத் தாழ்வாக முடிவதால் அதற்கேற்ற இடத்தையே மருத்துவர் தெரிவு செய்வார்.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் திரவம் உள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. எடுக்கப்படுவது சில மில்லி லிட்டர் மட்டுமே. சிலருக்குப் பின்னர் ஓரிரு நாட்கள் தலைவலியோ முதுகுவலியோ இருக்கும். மூளையினுள் அழுத்தம் மிகுந்திருப்பதாக ஐயம் ஏற்பட்டால், முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்த பின்னரே ஊசி பற்றி மருத்துவர் முடிவு செய்வார். அக்காத்திருப்பில் ஆன்டிபயாடிக் மருந்தை நிறுத்தி வைப்பதில்லை. நோய் எது என்று தெரிந்தால்தான் மருந்து எது, எத்தனை நாள் என்பது தெளிவாகும்: வைரஸ் வகைக்குப் பெரும்பாலும் ஓய்வும் ஆதரவுச் சிகிச்சையும் போதும், பாக்டீரியாவுக்கு நரம்பு வழி ஊசி மருந்து பொதுவாக 1 முதல் 3 வாரங்கள் வரை, காசநோய்க்கோ பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டு. ஆகவே படிவத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் ஐயங்களை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் அச்சத்தால் மறுத்துவிடாதீர்கள்.

காசநோய் வகைக்கான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தலைவலி நின்றதும் மருந்தை நிறுத்துவது மீண்டும் நோயை வரவழைக்கும்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவுமா?

மெனிங்கோகாக்கஸ் என உறுதியானால், நோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்போர் போன்ற நெருங்கிய தொடர்புடையோருக்குத் தடுப்பு மருந்து தரப்படும். நலமாக இருந்தாலும் அதனை உட்கொள்ள வேண்டும். காசநோய் வகை நோயாளியிடமிருந்து நேரடியாகப் பொதுவாகப் பரவுவதில்லை. ஆயினும் அந்நோயாளிக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, கிருமியைத் தந்தவர் அதே வீட்டில் இருமிக்கொண்டிருக்கலாம். எனவே குடும்பத்தினர் அனைவரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

தடுப்பூசிகள்

பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, சிறு குழந்தைகளைக் காசநோய் மூளையுறை அழற்சியிலிருந்து காப்பதற்காகவே முதன்மையாகத் தரப்படுகிறது. 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசி ஹிப் கிருமியைத் தடுக்கிறது. இந்தியாவில் இது 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கப்பட்டது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய பருவங்களில் போடப்படுகிறது. இவை அனைத்தும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி வழக்கமான அட்டவணையில் இல்லை. ஹஜ் பயணம் மேற்கொள்வோர் அதனைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பின்னர்

பாக்டீரியா வகையிலிருந்து மீண்ட ஒவ்வொருவருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, செவித்திறன் பரிசோதனை தேவை. வீடு திரும்பும் முன்னரே அதனைக் கேட்டுப் பெறுங்கள். இயலாவிடில் 4 வாரங்களுக்குள் செய்துகொள்ளுங்கள். இந்நோய்க்குப் பின் உட்செவியின் நத்தை வடிவ உறுப்பு சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பொருத்துவது கடினமாகிறது. குழந்தை “சொல்பேச்சுக் கேட்பதில்லை” என்று கடிந்துகொள்ளும் முன், அதற்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். ஞாபக மறதி, சோர்வு, எரிச்சல், நடையில் தடுமாற்றம் ஆகியவை சில மாதங்கள் நீடிக்கலாம். பள்ளி ஆசிரியரிடம் நோய் விவரத்தைத் தெரிவித்து, பாடச்சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை தரப்பட்டிருந்தால் மருத்துவர் கூறாமல் நிறுத்த வேண்டாம். காய்ச்சலோ தலைவலியோ மீண்டும் வந்தால் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் அன்றே செல்லுங்கள். மற்ற ஐயங்களுக்கு 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.