நிலப் பதிவேட்டிலும் கப்பல் பட்டியலிலும் ஒரு சாமானியர்

திருவள்ளூர் வட்டாரத்துச் சாமானியக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடினால், பழைய பதிவுகள் பெரும்பாலும் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்ற தலைப்பின் கீழ்தான் கிடைக்கும். திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997இல். கும்மிடிப்பூண்டி அதற்கு முன்பு நெடுங்காலம் பொன்னேரி தாலுகாவுக்குள் இருந்த ஊர். திருத்தணியின் கதை வேறு. 1911 வரை வட ஆற்காட்டிலும் பிறகு சித்தூர் ஜில்லாவிலும் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. எந்த ஊர் எந்த ஆண்டில் எந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் தேடப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

தொழிற்பேட்டைக்கு நிலம் போன குடும்பங்களுக்கு அரசிதழே நல்ல தொடக்கம். தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் நிறுவனம் 1971இல் உருவானது. அந்தக் காலத்தில் பட்டா நிலங்களை அரசு கையகப்படுத்தியது 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின்படி. அச்சட்டத்தின் கீழ் வெளியான அறிவிப்புகளில் சர்வே எண், நஞ்சையா புஞ்சையா என்ற விவரம், பரப்பு, நிலத்துக்காரர் பெயர் ஆகியவை இருக்கும். பலவற்றில் தகப்பனார் பெயரும் நான்கெல்லையும் சேர்ந்தே வரும். தாத்தாவின் புஞ்சைக்கு வடக்கே யார் நிலம் இருந்தது என்பதை, அந்த இடத்தில் இன்று ஆலைச் சுவர் நின்றாலும், அந்தத் தாளிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அங்கே கிடைக்கும் சர்வே எண்தான் அடுத்த கதவைத் திறக்கும் சாவி. அந்த எண்ணை வைத்துக் கிராமத்து ‘அ’ பதிவேட்டுக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தின் கிரயப் பத்திரங்களுக்கும் போகலாம். நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்து 1980களில் முடிந்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகள், அவற்றுக்கும் முந்தைய ரீசர்வே, 1870களில் நடந்த முதல் செட்டில்மெண்ட் என்று பின்னோக்கிச் செல்லச் செல்ல எண்கள் மாறும். ஒரே எண் பல உட்பிரிவுகளாக உடைந்திருக்கும். இவற்றைக் கிராமத்தில் எழுதிக் காத்துவந்த கர்ணம் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பொறுப்புக்கு வந்தார். கிராம முன்சீப் வைத்திருந்த பிறப்பு இறப்புப் பதிவேடு தனி. இறந்தவரின் வயதையும், காய்ச்சல், வாந்திபேதி, வைசூரி என ஒற்றைச் சொல்லில் காரணத்தையும் அது தரும்.

இந்தப் பதிவுகளில் ‘டி.சி.’ (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற இரண்டெழுத்தைக் கண்டால் அங்கே நின்று கவனிக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் இந்த ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விவரித்து 1891இல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையால் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று இன்று அறியப்படுவது இதுவே. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழைத்த குடும்பம் ஒன்றின் தலைவர் முதன்முதலாகத் தம் பெயரில் சர்க்கார் தாளில் ஏறிய இடம் பல நேரம் இதுதான். நிலமெடுப்பு வழக்குகளிலும் மீட்புப் போராட்டங்களிலும் இந்தப் பதிவு இன்றும் உயிரோடு இருக்கும் ஆதாரம்.

வெட்டியான், தலையாரி, வண்ணார், நாவிதர் குடும்பங்களுக்கு ஊழிய மானியம் இருந்திருந்தால் இனாம் பதிவேடு உதவும். 1858இல் அமைந்த இனாம் கமிஷன், மானியத்தை அனுபவித்தவர் பெயரையும் வயதையும் கேட்டு எழுதியது. இன்னும் நூறாண்டு பின்னே போனால் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய கணக்கெடுப்பு. ஆற்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்ட ஜாகீரில் பொன்னேரிச் சீமையும் அடக்கம். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கணக்கு, ஊரின் வீடுகளைத் தொழில்வாரியாகவும் சாதிவாரியாகவும் சொல்கிறது. களத்துமேட்டில் பொலி அளக்கும் முன் தச்சருக்கும் கொல்லருக்கும் எவ்வளவு ‘சுதந்திரம்’ (உரிமைப் பங்கு) என்றும் சொல்கிறது. அதன் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆனாலும் நிலமும் மானியமும் இல்லாத படியாளின் பெயரை ஊர்க் கணக்கில் தேடிப் பயனில்லை. அங்கே அவர் சேரி வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று. அதே மனிதர் கப்பலேறியிருந்தால் நிலைமை தலைகீழ். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், 342 பேரோடு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். கப்பல் பட்டியல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று குறித்துவைத்தது. சொந்த ஊரின் நிலக் கணக்குகளில் அரிதாகவே பெயர் பெற்ற உழைப்பாளிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இங்கே தனித்தனி வரி உண்டு. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளமாக எழுதப்பட்ட விவரம்தான் இது; கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுத்தாத்தாவின் முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டுவதும் இதுவே.

இந்தப் பட்டியல்கள் டர்பனில் கணினித் தரவாக ஆக்கப்பட்டுள்ளன. மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களுக்குப் பிந்தைய பலவற்றில் புகைப்படமும் உண்டு. 1903 முதல் சென்னையிலிருந்து ஃபிஜிக்குச் சென்றவர்களுக்கு எமிக்ரேஷன் பாஸ் இருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி ‘மூன்சாமி’ ஆகி, தென்னாப்பிரிக்காவில் பரம்பரைப் பெயராகவே நிலைத்துவிட்டார். கிராமத்தின் பெயரும் இப்படிச் சிதைந்தே இருக்கும். பொன்னேரி தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர் உறுதியானதும், கப்பலேறியவரின் தகப்பனார் பெயரை அதே ஊரின் டி.சி. பட்டாக்களில் உள்ள தகப்பனார் பெயர்களோடு ஒத்துப் பார்க்கலாம். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்பதால் வயதும் சாதியும் பொருந்துகின்றனவா என்றும் சரிபார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனோ தம்பியோ அகப்படலாம்.