இந்தியாவில் அலைக்கற்றை ஏலமும் திறந்த அணுகலும்

அலைக்கற்றை ஏலம் என்பது கைபேசி, இணையச் சேவைகளுக்குத் தேவையான வானலைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை அரசு ஏலத்தில் விடும் முறையாகும். உரிமை பெற்ற நிறுவனம் தன் வலையமைப்பைப் போட்டியாளர்களுக்கோ, பயனரின் கருவிகளுக்கும் செயலிகளுக்குமோ அடைத்து வைக்கக்கூடாது என்னும் நிபந்தனைகள் திறந்த அணுகல் விதிகள் எனப்படும். இந்திய ஏலங்கள் வானலைக்கு விலை கண்டன. வலையமைப்பைத் திறந்துவைக்கும் விதிகளோ பெரும்பாலும் ஏலத்துக்கு வெளியே உருவாயின.

ஏலத்துக்கு முந்தைய காலம்

1994 இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், நகருக்கு இரண்டு நிறுவனங்கள் வீதம் தகுதியின் அடிப்படையில் கைபேசி உரிமம் பெற்றன. 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2008 சனவரியில் 'முதலில் வருபவருக்கு முன்னுரிமை' என்ற முறையில், 2001 ஆம் ஆண்டின் விலைக்கே 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கி, அந்த அலைக்கற்றையை ஏலத்தில் விடச் சொன்னது.

2010 ஆம் ஆண்டு ஏலம்

3ஜி ஏலம் 2010 ஏப்ரல் 9 அன்று தொடங்கி 34 ஏல நாட்களில், 183 சுற்றுகளில் முடிந்தது. அரசுக்குச் சுமார் 67,700 கோடி ரூபாய் கிடைத்தது. சென்னையையும் உள்ளடக்கிய தமிழ்நாடு வட்டத்தில் ஏர்டெல், வோடபோன், ஏர்செல் ஆகியவை தலா 1,464.94 கோடி ரூபாய்க்கு உரிமை பெற்றன. பிஎஸ்என்எல் ஏலத்தில் பங்கேற்காமலே அலைக்கற்றை பெற்று, அதே விலையைச் செலுத்த வேண்டியிருந்தது.

வட்டத்தில் உள்ள மாவட்டத் தலைநகரங்களில் பாதியையாவது ஐந்தாண்டுகளில் சென்றடைய வேண்டும் என்பது நிபந்தனை. தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி போன்ற பேரூராட்சிகளுக்கெனத் தனி இலக்கு இல்லை. உரிமையின் விலை வட்டம் முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. சேவை தரும் கடமை அப்படி அமையவில்லை.

அமெரிக்காவில் விதியுடன் ஏலம்

அமெரிக்காவில் 2008 இல் நடந்த 700 மெகாஎர்ட்சு ஏலத்தில் 'சி' தொகுதிக்கு முன்கூட்டியே நிபந்தனை வைக்கப்பட்டது. அந்த வலையமைப்பில் பயனர் தாம் விரும்பும் கருவியையும் செயலியையும் பயன்படுத்தலாம். இவ்விதியை வலியுறுத்திய கூகுள் ஏலத்தில் பங்கேற்றது, வென்றது வெரைசன். பிற நிறுவனங்களுக்கு வலையமைப்பை மொத்த விலையில் விற்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை.

இந்தியாவில் திறப்பு வந்த வழி

* 2007: ஊரகங்களில் பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதியின் உதவியுடன் சுமார் 7,000 கோபுரங்கள் அமைக்க ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரு கோபுரத்தை மூன்று நிறுவனங்கள் வரை பகிரலாம்.
* 2011 சனவரி 20: எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.
* 2014: ஒரு நிறுவனத்தின் 3ஜி வலையமைப்பை மற்றொன்றின் வாடிக்கையாளர் பயன்படுத்தும் உடன்பாடுகளுக்கு அரசு விதித்த தடையைத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நீக்கியது.
* 2015: அலைக்கற்றையைப் பகிரவும் விற்கவும் விதிகள் வெளியாயின.
* 2016: இணையத்தில் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வேறுபட்ட கட்டணம் வாங்குவதை டிராய் பிப்ரவரி 8 அன்று தடை செய்தது. அதே ஆண்டு, சொந்த அலைக்கற்றை இல்லாத நிறுவனங்களும் சேவை வழங்க வழி செய்யப்பட்டது.

போட்டியின் நிலை

மிக உயர்ந்த அடிப்படை விலையால் 700 மெகாஎர்ட்சு அலைக்கற்றையை 2016, 2021 ஆகிய இரு ஏலங்களிலும் யாரும் கேட்கவில்லை. கட்டடங்களுக்குள் ஊடுருவி, நெடுந்தொலைவு செல்லும் இவ்வலைகள் ஊரகங்களுக்கு மிகவும் ஏற்றவை. விலை குறைக்கப்பட்ட பின், 2022 இல் ஜியோ அவற்றை வாங்கியது. இதற்கிடையே தமிழ்நாட்டில் தோன்றிய ஏர்செல் 2018 இல் நொடித்தது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. இன்று நாடு தழுவிய போட்டி மூன்று தனியார் நிறுவனங்களுக்கும் பிஎஸ்என்எல்லுக்கும் இடையே நடக்கிறது.

ஏலத்தொகை உயர்ந்தால் கருவூலம் நிறையும். ஆனால் சிற்றூரில் இருப்பவருக்கு இரண்டாவது, மூன்றாவது நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அது தானாகத் தந்துவிடாது. அதற்குப் பகிர்வு, எண் மாற்றம், கட்டணச் சமன்மை போன்ற விதிகளும் தேவைப்பட்டன என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.