ஒளியால் எழுதிய லயனல் வென்ட்

சாம்பல்தீவுக் கரையில் காலை வேளையில் வலை இழுப்பவரின் முதுகில் வெயில் படுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். வியர்வை வழியும் அந்த முதுகு ஒரு கலைப்பொருளாகும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? அப்படி எண்ணிய ஒருவர் இந்நாட்டில் இருந்தார். அவர்தான் லயனல் வென்ட்.

1900ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர், தாயார் சிங்களவர். இலண்டனில் சட்டம் பயின்ற வென்ட், அங்கேயே பியானோவும் கற்று 1924இல் நாடு திரும்பினார். வழக்குரைஞர் தொழிலில் மனம் ஒட்டவில்லை, இசையிலேயே ஒன்றினார். 1930களில் கமராவும் அவர் கைக்கு வந்தது.

அக்காலத்தில் இலங்கையைப் படம் பிடித்தவர்கள் பலரும் தேயிலைத் தோட்டத்தையும் தென்னஞ்சோலையையும் கப்பலில் வரும் துரைமாருக்கு விற்கும் அஞ்சலட்டைகளாக ஆக்கினர். வென்ட் கண்டது வேறு. உழைப்பாளியின் தோளிலும் விலாவிலும் ஒளியும் நிழலும் ஆடும் ஆட்டத்தை அவர் கறுப்பு வெள்ளையில் பிடித்தார். இருட்டறையில் படம் தோன்றும் வேளையில் சிறிது வெளிச்சம் பாய்ச்சி, உருவங்களின் விளிம்பில் விந்தையான கோடுகளை எழுப்பினார். ஒரு படத்தின்மேல் இன்னொன்றைப் பதித்தார்.

ஆடையற்ற ஆண் உடலையும் அவர் கூச்சமின்றிப் படமாக்கினார். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறையில் இருந்த காலம் அது. நீதியரசரின் மகன் அந்தச் சட்டத்தின் நிழலிலேதான் அழகைத் தேடினார்.

நமது மாவட்டத்தோடும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. 1934இல் பசில் றைற் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் வென்டினுடையது. அவர் வாசித்தது ரொபர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்த பகுதிகள். அந்த நொக்ஸ் 1660இல் சிறைப்பட்டது எங்கே? நமது கொட்டியாரக் குடாவிலேதான்.

ஜோர்ஜ் கீற் முதலிய ஓவியர்களுக்குத் துணைநின்ற வென்ட், 1943இல் ‘43 குழு’ உருவாக முன்னின்றார். மறு ஆண்டு டிசம்பரில், 44 வயதில் மறைந்தார். அவரது நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. எஞ்சிய படங்களில் 120 படங்கள் 1950இல் நூலாயின. அவர் பெயரால் எழுந்த கொழும்பு அரங்கை நாடக அன்பர்கள் அறிவர்.

ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. கமரா பிடித்தவரின் பெயர் மண்டபத்தின் முகப்பிலே இருக்கிறது. அதன் முன் நின்ற மீனவர், கூலியாள், சிறுவன் ஆகியோரில் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை. அவர்களை அழகென்று காட்டிய கலைஞனைப் போற்றுவோம். அவர்கள் யார் என்று கேட்கும் கடமை, பார்க்கின்ற நமக்கு உண்டு.