தோட்டத்து டிரெஸ்ஸரும் இன்றைய தாதியும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நேயர்களுக்கு 'தோட்டத்து ஆஸ்பத்திரி' என்றதும் ஊதா மருந்தும் கசப்பு மிக்ஸ்சரும்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே மருத்துவர் இருப்பதில்லை. அவர் குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் டிரெஸ்ஸர்தான். துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் மரியாதை பெற்றவர் அவர் என்று சொன்னாலும் மிகையாகாது.

இவர்கள் எங்கே படித்தார்கள்? இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் உண்டு. உள்ளூர் மருத்துவமனைகளில் பழகியவர்களும் உண்டு. கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் தெரிந்தால் வேலை கிடைத்த காலம் அது. ஆனால் தோட்டத்து நோய்கள் அந்த அளவோடு அடங்குபவை அல்ல.

மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடியவைத்து, கிள்ளானிலும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். பின்னர் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார். அங்கே அவர் கண்டது விசித்திரமானது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டினால் மலேரியா குறைந்தது. குன்றுப் பகுதிகளில் அதே வேலையைச் செய்தால் கூடியது! காரணம், இரண்டு இடத்திலும் கொசு வேறு. சமவெளிக் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. குன்றுக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரை நாடுவது. ஆகவே ஜெராம் பக்கத்து டிரெஸ்ஸருக்குத் தெரிந்த வைத்தியம் உலு சிலாங்கூர் மலையடிவாரத்தில் அப்படியே பலிக்காது. சான்றிதழ் வாங்கிய பிறகும் ஒருவர் தாம் வேலை செய்யும் இடத்தின் நோயைத் தனியாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தப் படிப்பு பலருக்கும் முறையாகக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் இது வருமானம் இல்லாத வட்டாரமல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. (பெயர் தென்னமரம், நட்டது செம்பனை!) மரத்துக்கு நடந்த ஆராய்ச்சியில் பாதியாவது மருந்து கொடுப்பவரின் பயிற்சிக்கு நடந்திருக்கலாம்.

சட்டங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். தாதியரைப் பதிவு செய்யும் சட்டம் 1950-இல் வந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமோ 1965-இல்தான் வந்தது. டிரெஸ்ஸரின் தகுதியைச் சட்டம் கேட்பதற்குள் ரப்பர் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை கடந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். அதே நிறுவனம் 1946-இல் தாதியருக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. மலேசியாவில் தாதியர் பட்டப்படிப்பு வந்தது 1990-களில்தான். அதுவரை பயிற்சி முடித்த ஒரு தாதி மேலே படிக்க விரும்பினால், பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிப் பயிற்சிதான் பெரும்பாலும் முதல் படி. பிறகு தீவிர சிகிச்சை, அறுவைச் சிகிச்சைக் கூடம், சிறுநீரகம் என்று துறைகள் விரிந்தன. தாதியர் இதனைச் சுருக்கமாக 'போஸ்ட் பேசிக்' என்பார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீளும் படிப்பு. ஆனால் தேர்வெழுதி வெளிவந்தவுடனே சேர முடியாது. சில ஆண்டு வார்டு அனுபவம் வேண்டும், வேலை கொடுப்பவர் அனுப்பவும் வேண்டும். சிறிய தனியார் நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு இரண்டாவது நிபந்தனைதான் முட்டுக்கட்டை. ஓர் ஆளை ஆறு மாதம் விட்டுக்கொடுக்க அங்கே ஆளிருப்பதில்லை.

2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆனது. அதற்கு முன்பே பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தன. டிரெஸ்ஸரிடம் போய் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ கிள்ளானுக்கோ போகிறார்கள். மலேரியா போய், இனிப்புநீரும் சிறுநீரகக் கோளாறும் வந்திருக்கின்றன. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நோயாளி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறார். ஊசியைக் குத்துவதும், இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும்போது முதலில் கவனிப்பதும் பக்கத்தில் நிற்கும் தாதிதான். சிறுநீரகப் பராமரிப்புக்கான போஸ்ட் பேசிக்கில் அவருக்குச் சொல்லிக்கொடுப்பவற்றில் இந்த இரண்டும் அடங்கும்.